'இனம்' என்ற கட்டத்தை நிரப்புவது எப்படி: ஒரு தோட்டத்து டீச்சரின் சனிக்கிழமைக் குறிப்புகள்

சனிக்கிழமை காலையில் எங்கள் டிவிஷன் கோயில் மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் 31 வருஷம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். கையில் மிஞ்சியது நல்ல கையெழுத்துதான். அதனால் ஃபோம் நிரப்பத் தெரியாமல் வருகிறவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. சிலர் ஒரு பை லீக்ஸ், கோவா கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போவார்கள். அதையும் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர் எல்லாம் மளமளவென்று போகும். முகவரியில் கொஞ்சம் இழுக்கும், ஏனென்றால் எங்கள் லயங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, நம்பர் கிடையாது. அது தனிக் கதை. 'இனம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் எதிரில் இருப்பவர் என் முகத்தைப் பார்ப்பார். "நீங்களே பாத்துப் போடுங்க டீச்சர்." நான் போட மாட்டேன். அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் விடையை அவரவர் வாயால்தான் சொல்ல வேண்டும். இவ்வளவு காலமும் அதை நமக்காக மற்றவர்கள்தான் நிரப்பினார்கள்: தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா, டவுனில் பதிவாளர், வாசலில் கணக்கெடுக்க வந்தவர். எப்படி யோசிப்பது, எங்கே வழுக்கும், யாரிடம் என்ன கேட்பது என்பதைத்தான் நான் சொல்லித் தருவேன். மேசைக்கு வர முடியாதவர்களுக்காக அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் எந்தக் காகிதம் என்று பாருங்கள்

எல்லாக் காகிதமும் இதைக் கேட்பதில்லை. உங்கள் தேசிய அடையாள அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பாருங்கள். பெயர் இருக்கும், பிறந்த திகதி இருக்கும், விலாசம் இருக்கும். இனம் இருக்காது. பாஸ்போர்ட்டிலும் கிடையாது. அதில் இருப்பது எந்த நாட்டுப் பிரஜை என்பது மட்டும்தான், அது நம் எல்லோருக்கும் ஒன்றே.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் இனம் என்று ஒரு கட்டம் அதில் இல்லை. தகப்பனின் இனம், தாயின் இனம் என்று தனித்தனியாக இரண்டு கட்டங்கள் இருக்கும். தகப்பன் சிங்களவர், தாய் தமிழ் என்றால் அப்படியே எழுதலாம், ஒருவர் மற்றவராக மாறத் தேவையில்லை. இது தெரியாமல் எத்தனையோ வீட்டில் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டிருக்கிறார்கள். தொகைமதிப்புக்கு, அதாவது குடிசனக் கணக்கெடுப்புக்கு, வருகிறவர்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் கேட்பார்கள். பாடசாலைப் படிவங்களில் கேட்பதும் உண்டு.

"இந்தியத் தமிழர்னு போட்டா கெம்பஸ் கெடைக்காதாமே டீச்சர்?" என்று வருஷத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கும் இந்தக் கட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. உயர்தரப் பரீட்சையில் எடுக்கும் இசட் புள்ளியும் மாவட்டமும்தான் கணக்கு. 40 வீதம் நாடு முழுக்கப் பொதுவான திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் நுவரெலியாவும் இருக்கிறது, பதுளையும் இருக்கிறது. ஆகவே உங்கள் மகள் எந்த மாவட்டத்தில் எத்தனை வருஷம் படித்தாள் என்ற காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கவலைப்பட வேண்டிய காகிதம் அதுதான்.

'ஜாதிய' என்றால் சாதி அல்ல

சிங்களத்தில் 'ஜாதிய' என்றால் இனம். நம் காதில் அது 'சாதி' என்று விழும். சாதிக்குச் சிங்களத்தில் 'குலய' என்பார்கள். இந்த ஒரு சொல்லால் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. எண்பதுகளில் ஒரு பெரியவர், பேரப்பிள்ளையின் பிறப்பைப் பதிய டவுனுக்குப் போயிருக்கிறார். "ஜாதிய மொகத்த?" என்று கேட்டிருக்கிறார் அங்கிருந்தவர். பெரியவர் அக்கம் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, தன் சாதியைச் சொல்லியிருக்கிறார். அவரும் அதை அப்படியே கட்டத்தில் எழுதிவிட்டார். அந்தப் பேரன் வளர்ந்து, ஓ.எல். எழுதும் வயதில் பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். காட்டும்போது அந்த இடத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டுதான் காட்டினான்.

அதனால் தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. "தமிழ் ஃபோம் தாங்க" என்று கேட்பதற்குக் கூனிக் குறுகத் தேவையில்லை. இல்லை என்று கை விரித்தால், சிங்களப் படிவத்தில் எது எந்தக் கட்டம் என்று வாசித்துக் காட்டக்கூடிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். சாதியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். இனக் கட்டம் கேட்பது அதை இல்லை.

பிரஜாவுரிமை வேறு, இனம் வேறு

வயதானவர்களுக்கு 'இந்திய' என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு நடுக்கம். "எழுதிட்டா அனுப்பிருவாங்க" என்பார்கள். சிரிக்காதீர்கள், அவர்கள் அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல ஆசனங்களைப் பிடித்தது. அடுத்த வருஷமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. உன் தகப்பன் இங்கே பிறந்ததை நிரூபி, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபி என்றது. லயத்துக் காம்பராவில் யாரிடம் அந்தக் காலத்துப் பிறப்புப் பத்திரம் இருந்தது? 1949இல் வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிக்குப் பாதி பங்கு பிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சிலோன் கிடைத்தது, அத்தைக்கு இந்தியா. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அத்தை ஏறிய ரயிலை இன்றைக்கும் எங்கள் பக்கம் 'ஒப்பாரிக் கோச்சி' என்றுதான் சொல்வார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ஏறினவர்களும் அழுவார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுவார்கள். தலைமன்னார் போய், கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத்தான் தூக்கினாள். இங்கே இருந்தவரை அவள் 'இந்தியாக்காரி'. அங்கே போனதும் 'சிலோன்காரி' ஆகிவிட்டாள். கடிதத்தில் ஒருமுறை எழுதியிருந்தாள்: "அண்ணே, இங்கயும் நம்மள ஊர்க்காரன்னு சொல்ல மாட்டேங்கிறான்."

இப்போது அந்தக் கதை முடிந்துவிட்டது. 1988இல் ஒரு சட்டம், பிறகு 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்துவருகிற இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கொடுத்தார்கள். 'இந்தியத் தமிழர்' என்று எழுதியதால் இனி யாரையும் கோச்சியில் ஏற்ற முடியாது. 'இலங்கைத் தமிழர்' என்று எழுதியதால் யாருக்கும் புதிதாகப் பிரஜாவுரிமை கிடைக்கப்போவதும் இல்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. இதை வீட்டுப் பெரியவர்களுக்குப் பொறுமையாக, இரண்டு மூன்று தடவை சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பிறப்புப் பத்திரத்தை இன்னொரு முறை பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருஷம், பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறக்காவிட்டால் பூட்டனாரின் விவரம் என்று இன்னொன்று. அது ஏன் என்று பலருக்குத் தெரியாது. நான் மேலே சொன்ன 1948 சட்டத்தின் நிழல் அது. தாத்தா பிறந்த வருஷம் தெரியாவிட்டால் குத்துமதிப்பாக ஒன்றைப் போடாதீர்கள். மூத்த பிள்ளையின் பத்திரத்தில் 1931, இளையவனுடையதில் 1936 என்று போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் உள்ள டிரங்குப் பெட்டியை ஒருநாள் ஆறுதலாகக் கிளறுங்கள். பழைய பிரஜாவுரிமைச் சான்றிதழ், தாத்தாவின் இறப்புப் பத்திரம், சேமலாப நிதிக் காகிதம், ஏதாவது ஒன்றில் இருக்கும். கிடைத்ததை ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்து, எல்லாப் பிள்ளைக்கும் அதையே பாவியுங்கள்.

மூன்று பெயர்கள்

சரி, பேனையைக் கையில் எடுத்தாயிற்று. எதை எழுதுவது?

'இந்தியத் தமிழர்' என்பது நாமாக வைத்துக்கொண்ட பெயர் அல்ல. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில்தான் வெள்ளைக்காரன் முதன்முதலாக இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு கட்டம் போட்டான். அதற்கு முன்பு தமிழர் என்று ஒன்றுதான். 1911இல் இங்கேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களும் அந்த இரண்டாவது கட்டத்துக்குள் போனார்கள். அதற்காக அந்தப் பெயரை நான் வெறுக்கவில்லை. என் அப்பாயி கடைசிவரை தன்னை 'இந்தியாவிலேருந்து வந்தவங்க' என்றுதான் சொன்னாள், அதில் அவளுக்கு ஒரு மிடுக்கும் இருந்தது. அவளுடைய கட்டத்தை நான் நிரப்பியிருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன். கொழும்பில் கடை வைத்திருக்கும் சில குடும்பங்கள் இன்றைக்கும் 'இந்திய வம்சாவளி' என்பதையே விரும்புகிறார்கள். இருக்கட்டும்.

'இலங்கைத் தமிழர்' என்று எழுதுகிறவர்கள் பல வகை. ஐந்து தலைமுறை இங்கே பிறந்த பிறகு இன்னும் என்ன இந்தியா என்று கேட்கிறவர்கள் ஒரு வகை. அவர்கள் கேட்பதில் பிழை இல்லை. 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் இன்னொரு வகை. அவர்கள் வன்னி மண்ணிலேயே பிறந்து போரிலும் செத்தார்கள், அவர்களுக்கு யார் என்ன சொல்ல முடியும்? மூன்றாவது வகைதான் என் மேசையில் அதிகம்: "டவுன்ல கேவலமா பாக்கிறாங்க டீச்சர், இதுன்னா மரியாதையா இருக்கு." இவர்களிடம் மட்டும் நான் ஒரு கேள்வி கேட்பேன். "சரிப்பா, இந்தக் கட்டத்தை மாத்தி எழுதிட்டா, மரியாதை கொடுக்காதவன் பத்திரத்தப் பாத்துட்டு மரியாதை கொடுப்பானா?" சிலர் யோசிப்பார்கள். சிலர், "இருந்தாலும் அதையே போடுங்க" என்பார்கள். போட்டுவிடுவேன். என் மேசைச் சட்டம் சட்டம்தான்.

'மலையகத் தமிழர்' என்பது என் விருப்பம், மறைக்கவில்லை. அறுபதுகளில் படித்த இளைஞர்களும் ஆசிரியர்களும் ஊன்றிய சொல் அது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி அதிபராக இருந்த இர. சிவலிங்கத்தின் பெயரை எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கூலி, தோட்டக்காட்டான், கள்ளத்தோணி என்று மற்றவர்கள் வைத்த பெயர்களுக்கு நடுவில் நாமே வைத்துக்கொண்ட பெயர் இது ஒன்றுதான். 2023இல், நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த நடையில் கொஞ்சத் தூரம் நானும் போனேன். முழங்கால் விட்டுக்கொடுத்துவிட்டது, பிறகு வேனில் ஏறிவிட்டேன்.

ஆனால் அந்தச் சொல்லுக்கும் ஓட்டை உண்டு. களுத்துறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கச்சி கேட்டாள்: "எங்க தோட்டத்துல எங்கக்கா மலை?" பதில் சொல்ல முடியவில்லை. தாயும் தகப்பனும் தெலுங்கு பேசின குடும்பங்கள், மலையாளத்திலிருந்து வந்தவர்கள், எல்லோரையும் 'தமிழர்' என்று சேர்த்துக் கட்டியதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்து முஸ்லிம் குடும்பங்களுக்கும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று இதே இழுபறி இருந்தது.

பட்டியல் கடவுள் எழுதியது அல்ல என்பதற்கு ஒரு உதாரணம்: இலங்கைச் செட்டிகளும் பரதர்களும் தங்களைத் தனியாக எண்ண வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2001 கணக்கெடுப்பில் அவர்களுக்கென்று தனித்தனிக் கட்டம் வந்தது.

கணக்கெடுக்க வரும்போது

2012இல் நானே எண்ணப் போனேன். கையில் பெரிய தாள், பேனை, தோளில் பை. மார்ச் மாதம், நல்ல வெயில், ஒவ்வொரு லயத்திலும் பிளேன்டீ. 'இனம்' என்று கேட்டதும் எத்தனை வீட்டில் "தமிழ்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்! தமிழ் என்று மட்டும் சொன்னால் தாளில் இடமில்லை. எந்தத் தமிழ் என்று திரும்பக் கேட்க வேண்டும். கேட்டேன். கேட்காமல், இருக்கும் இடத்தைப் பார்த்துத் தானாகவே ஒன்றைப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

இந்தக் கட்டத்தில் எண்ணிக்கை எப்படி ஆடுகிறது பாருங்கள். 1981 கணக்கில் நுவரெலியா மாவட்டத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில் 'இலங்கைத் தமிழர்'. 2012இல் அது ஐந்துக்கும் கீழே. யாழ்ப்பாணத்தார் கூட்டமாக வந்து கூட்டமாகத் திரும்பிப் போனார்களா? இல்லை. எண்பதுகளில் பயத்தில் ஒன்றைச் சொன்ன குடும்பங்கள், பயம் தெளிந்ததும் வேறொன்றைச் சொன்னதுதான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன். நாடு முழுக்கப் பார்த்தால் 2012இல் இந்தியத் தமிழர் சுமார் 8 இலட்சத்து 40 ஆயிரம், நூற்றுக்கு 4.1. 2024 கணக்கில் கட்டத்தின் பெயரையே 'இந்தியத் தமிழர்/மலையகத் தமிழர்' என்று மாற்றினார்கள். நான் சந்தோஷப்பட்டேன். முடிவு வந்ததைப் பார்த்தால் 6 இலட்சம்தான், நூற்றுக்கு 2.8. கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போனவர்கள் உண்டு, பிள்ளைகளைக் குறைத்துப் பெறுவதும் உண்டு. ஆனால் எங்கள் டிவிஷனில் நான் பார்த்தவரை ஆட்கள் அப்படியேதான் இருக்கிறார்கள், சொல்லும் பெயர்தான் மாறியிருக்கிறது. இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. ஆனால் வீட்டுக் காணி கேட்கும்போதும் பாடசாலைக்குக் கட்டடம் கேட்கும்போதும், நீங்கள் எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

2024இல் தாள் இல்லை, கையில் டெப். அதில் ஒரு தொல்லை என்னவென்றால், எதைத் தட்டினார்கள் என்று வாசலில் நிற்கும் நமக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை நல்ல பிள்ளைதான், மழையில் நனைந்துகொண்டு அவசரமாக இருந்தது. "இனத்துக்கு என்ன போட்டீங்க மகள்? வாசிச்சுக் காட்டுங்க" என்றேன். வேறொன்று இருந்தது. மாற்றிவிட்டுப் போனாள். அடுத்த முறை யார் வந்தாலும் அப்படிக் கேளுங்கள். அதோடு, வீட்டில் எல்லோரும் கூடி முன்கூட்டியே பேசிவையுங்கள். நீங்கள் மலைக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்தால், வாசலில் நிற்கும் பத்து வயதுப் பேரன் என்ன சொல்கிறானோ அதுதான் பதிவாகும். புருஷனும் பெண்சாதியும் வேறு வேறாகச் சொல்ல விரும்பினால் அதுவும் செய்யலாம். ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் கேட்கிறார்கள்.

பத்திரத்தில் பிழை இருந்தால்

என் பத்திரத்தில் தகப்பனின் இனம் 'இந்தியத் தமிழர்'. ஏழு வருஷம் கழித்துப் பிறந்த தம்பியின் பத்திரத்தில் அதே தகப்பன் 'இலங்கைத் தமிழர்'. எழுதின கை வேறு, அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் இதுவரை மாற்றவில்லை, ஒரு தீங்கும் வரவில்லை. அதனால் முதல் யோசனை: இது மட்டும்தான் பிழை என்றால் அவசரப்பட்டு அலையாதீர்கள். ஒரு நாள் சம்பளம் போகும்.

ஆனால் அந்தப் பையனுக்கு நடந்தது போல இனக் கட்டத்தில் சாதி இருந்தால், அல்லது உங்கள் மனம் கேட்கவில்லை என்றால், திருத்த வழி இருக்கிறது. பிறப்பைப் பதிந்த பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போங்கள். திருத்தத்துக்கான வெளிப்படுத்தல் படிவம் தருவார்கள். தாய் தகப்பனின் பிறப்புப் பத்திரங்கள், கலியாணப் பத்திரம், கூடப் பிறந்தவர்களின் பத்திரங்கள், எல்லாவற்றிலும் போட்டோக்கொப்பி, கூடவே மூலப் பத்திரம். மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லுங்கள்: "எழுதும்போது எங்ககிட்ட கேக்கல, எங்க வீட்டுல மத்தப் பத்திரத்துல இப்படி இருக்கு." ஊர்க் கதையைச் சொல்லத் தொடங்கினால் அவர் டீ குடிக்கப் போய்விடுவார். அந்தப் பையனுக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது. இப்போது விரலால் மறைக்காமல் காட்டுகிறான்.

வாயால் கேட்கும்போது

படிவத்தைவிட இதுதான் கஷ்டம். கொழும்பில் கடையில் நிற்கும் எங்கள் பிள்ளைகளிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால் "கண்டி" என்பார்கள். மஸ்கெலியாப் பிள்ளையும் கண்டி, இறக்குவானைப் பிள்ளையும் கண்டி. தோட்டத்தின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி வந்துவிடும் என்ற பயம். நானும் செய்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், நல்ல மனுஷி, கேட்டார்: "பிள்ளை, உங்கட சொந்த ஊர் எது?" பொகவந்தலாவை என்றேன். "அது வேலை செய்யிற இடமெல்லே, சொந்த ஊர்?" தாத்தா முசிறிப் பக்கம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், முசிறி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. இருந்தும் "முசிறி" என்றேன். அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏதோ களவெடுத்த மாதிரி இருந்தது.

இப்போது பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இதுதான்: தோட்டத்தின் பெயர், பிறகு டவுனின் பெயர், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். "சொந்த ஊர்?" என்று மறுபடியும் கேட்டால் அதையே மறுபடியும் சொல்லுங்கள், கோபப்படாமல். கேட்கிறவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. அவர் பழகின பதில் வரும்வரை கேட்கிறார். வேலைக்கு எடுக்கும் இடத்தில் மட்டும், கேட்டால் அடையாள அட்டையில் உள்ள விலாசத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், அங்கே பாடம் நடத்தத் தேவையில்லை.

கடைசியாக, பிள்ளை பிறந்தால் 42 நாளுக்குள் பதியுங்கள். மூன்று மாதம் தாண்டினால் அலைச்சல் அதிகம். என் மகளுக்குப் போன வருஷம் பிள்ளை பிறந்தது, மருமகன் பருத்தித்துறைப் பக்கம். பதியப் போவதற்கு முதல் நாள் இரவு மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அவர் கட்டத்துக்கு அவர் சொன்னது 'இலங்கைத் தமிழர்'. மகள் 'மலையகத் தமிழர்' என்று போடச் சொல்லிக் கேட்பது என்றும், முடியாது என்றால் ஏன் என்று கேட்பது என்றும், அதற்கு மேல் சண்டை பிடிக்காமல் 'இந்தியத் தமிழர்' என்று போட்டுக்கொண்டு வருவது என்றும் முடிவெடுத்தாள். இலங்கைத் தமிழர் என்றே போட்டுவிடலாமே என்று மருமகன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "உங்க கட்டத்த நீங்க பாருங்க, எங்கட கட்டத்த நான் பாக்கிறேன்" என்றாள் மகள். நான் வாயைத் திறக்கவில்லை. என் மேசைச் சட்டம் வீட்டுக்குள்ளும் செல்லும்.

பத்திரம் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் ஒவ்வொரு கட்டமாக வாசியுங்கள். நாங்கள் அப்படித்தான் வாசித்தோம். இரண்டு இனக் கட்டமும் அவர்கள் சொன்னபடியே இருந்தது. மகளின் பெயரில்தான் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. அதைத் திருத்தி வாங்க ஒன்றரை மணி நேரம் போனது, ஹட்டன் பஸ்ஸையும் விட்டுவிட்டோம்.